பாஸ் போடுமுன்

வங்கியில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை கணக்கு முடிக்கும்வரை எங்கள் வாயில் அதிகம் புரளும் சொல் ‘செக்’தான். “இன்னைக்கு கிளியரிங்ல எத்தனை செக் வந்திருக்கு?” “நேத்து லெட்ஜரை யார் செக் பண்ணது?” “புது செக் புக்கை எல்லாம் ரிஜிஸ்டரோட கிராஸ் செக் பண்ணிட்டு பீரோவுல வைங்க.” ஒரு செக் தாள், இன்னொரு செக் வேலை. ஆபீஸை விட்டு வெளியே வந்தாலும் அந்தச் சொல் விடாது. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர், மாநில எல்லையில் செக்போஸ்ட், ஆஸ்பத்திரியில் செக்கப், ஓடையின் குறுக்கே செக் டேம், துணிக்கடையில் செக் சட்டை. மாலைப் பத்திரிகையைப் பிரித்தால் ஆளுங்கட்சிக்கு எதிர்க்கட்சி ‘செக்’ வைத்திருக்கும்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் தற்செயலாக ஒரே ஓசையில் அமைந்துவிட்ட வெவ்வேறு சொற்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளம்பிய ஒரே சொல். பல வருஷம் கிளியரிங் பிரிவில் உட்கார்ந்து செக்குகளைப் பாஸ் செய்தவன் நான். இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது எங்கள் வேலையின் வரலாறாகவே இருந்தது. அதன் பெரும்பாலான பொருள்களுக்கு அடியில் ஒரே செயல்தான் இருக்கிறது: போய்க்கொண்டிருக்கும் ஒன்றைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது.

தொடக்கம் நம் நாட்டு ஆட்டத்தில். சதுரங்கம் இங்கிருந்து பாரசீகத்துக்குப் போய்ச் சத்ரங் ஆயிற்று. அரேபியர் கையில் ஷத்ரஞ்ச் ஆகி, ஆயிரமாவது ஆண்டு வாக்கில் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. பாரசீகத்தில் அரசனுக்கு ‘ஷா’ என்று பெயர். எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்தில் காயை வைத்ததும் “ஷா!” என்று குரல் கொடுப்பார்கள். உன் ராஜாவுக்கு ஆபத்து, பார்த்துக்கொள் என்று எச்சரிக்கும் மரியாதை அது. அந்த ‘ஷா’ பழைய பிரெஞ்சில் எஷெக் என்று திரிந்து ஆங்கிலத்தில் செக் ஆனது. ‘ஷா மாத்’ செக்மேட் ஆனது. செஸ் என்ற பெயரே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான்.

செஸ் ஆடியவர்களுக்குத் தெரியும், செக் விழுந்துவிட்டால் அடுத்த நகர்த்தலில் வேறு எதுவும் செய்யக்கூடாது. எவ்வளவு அருமையான திட்டம் மனதில் இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அரசனைக் காப்பாற்ற வேண்டும். எல்லாம் நின்றுவிடுகிறது. அதனால்தான் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் பலகையை விட்டு இறங்கி, தடை, தடுத்து நிறுத்தல் என்ற பொருளில் நடமாடத் தொடங்கிவிட்டது. நம் ஊர் ஓடையில் நிற்கும் செக் டேமில் இருப்பது அந்தப் பழைய பொருள்தான். நிறுத்தினால்தான் சரிபார்க்க முடியும் என்பதால், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொருள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்ந்துகொண்டது. லெட்ஜரை செக் பண்ணச் சொன்னபோது எங்கள் மேனேஜர் பேசியது அந்த ஆங்கிலம்.

தாளுக்கு இந்தப் பெயர் வந்த விதம்தான் என்னை மிகவும் ஈர்த்தது. இன்றைக்குக் கையில் இருக்கும் மிகப் பழைய இங்கிலாந்துச் செக்குகளில் ஒன்று 1659-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. கிளேட்டன் அண்டு மாரிஸ் என்ற லண்டன் லேவாதேவிக்காரர்களுக்கு நிக்கலஸ் வனாக்கர் என்ற வணிகர் எழுதியது. 400 பவுண்டைக் கொடுக்கச் சொல்லும் சாதாரணக் கையெழுத்துக் கடிதம், அவ்வளவுதான். அப்போது அதற்கு செக் என்ற பெயர் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் நாம் இன்று கவுண்டர்ஃபாயில் என்று சொல்லும் அடிக்கட்டை. பணம் கேட்டு வரும் தாள் உண்மையா பொய்யா என்று ஒட்டிப் பார்ப்பதற்காக நம்மிடம் நிறுத்தி வைத்துக்கொண்ட துண்டுக்கே அந்தப் பெயர். போகப் போகத்தான் அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. நம்மில் பலர் ஒரு வரிகூட எழுதாமல் வெறுமையாக விட்டுவிடும் அந்த அடிக்கட்டைதான் உண்மையான செக். வாடிக்கையாளர்களிடம் இதை நான் சொல்லாத நாள் குறைவு. “சார், கிழிச்சுக் குடுத்துட்டா அது ஊருக்குப் போயிடும். உங்க கையில இருக்கப்போற சாட்சி இது ஒண்ணுதான். தேதி, பேரு, தொகை மூணையும் எழுதிட்டு அப்புறம் கிழிங்க.”

இந்தியாவிலும் இங்கிலாந்திலும் செக் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டு, அமெரிக்காவில் எழுதுவதைப் போல இல்லாமல் கியூ எழுத்துப் போட்டு நீள்வதற்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். அதன் சாயலில்தான் எழுத்துக்கூட்டு மாறியது. நம் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அந்த எழுத்தையே எடுத்துக்கொண்டது. எக்ஸ்செக்கருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு மேஜைவிரிப்பு. 1170-களில் அங்கே பொக்கிஷத் தலைவராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் அந்த மேஜையை விவரித்து எழுதிவைத்திருக்கிறார். ஏறத்தாழ பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது கீழே விழாமலிருக்க நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு பெருங்கூட்டல் போடுவது சிரமம். ஆகவே பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து வில்லைகளை வைத்து நகர்த்தினார்கள். ஒரு பக்கம் அரசனின் அதிகாரிகள், எதிர்ப்பக்கம் தன் மாவட்டத்து வரியைக் கட்ட வந்த ஷெரீஃப். இது செஸ் பலகையில் இருவர் மோதுவதைப் போலத்தான் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். செஸ் பலகைக்குப் பிரெஞ்சுப் பெயர் எஷெக்கியே. அதுவே துறையின் பெயராகிவிட்டது. கட்டம் போட்ட துணிக்கு செக் என்ற பெயரும் இதே பலகையிலிருந்துதான்.

அந்த மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது: டேலி. காட்டுக்கொட்டை மரக் குச்சி. கட்டிய பணத்தின் அளவுக்கு ஏற்ப அதில் வெட்டு விழும். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல் பருமன், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லிமணி அளவு. ஒரு பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் ஒரு கீறல் மட்டும். பிறகு வெட்டுகள் இரு பக்கமும் விழும்படி குச்சியை நெடுக்காகப் பிளப்பார்கள். நீண்ட பாதி பணம் கட்டியவருக்கு, அதன் பெயர் ஸ்டாக். குட்டைப் பாதி கருவூலத்துக்கு, அதன் பெயர் ஃபாயில். பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். மரத்தின் ரேகையும் வெட்டும் ஒட்டினால் கணக்குச் சரி. ஒரு பாதியில் மட்டும் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டு ஏமாற்ற வழியே இல்லை. எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளக்கூடிய இப்படியொரு பாதுகாப்பை அந்தக் காலத்தில் யோசித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. 1826 வரை இந்தக் குச்சிகள் புழக்கத்தில் இருந்தன. மிஞ்சியவற்றை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தபோதுதான் தீ மீறி, இங்கிலாந்து நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

டேலி என்ற சொல்லோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கிளியரிங் என்றால் இளையவர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். மெட்ராஸில் எல்லா வங்கிகளின் குமாஸ்தாக்களும் ரிசர்வ் வங்கியின் கிளியரிங் ஹவுஸில் கூடுவோம். மற்ற வங்கிகள்மீது எழுதப்பட்டு எங்களிடம் வந்த செக்குகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, கூட்டல் பட்டியலைச் சுற்றி, அந்தந்த வங்கியின் மேஜையில் கொடுத்துவிட்டு, எங்கள்மீது எழுதப்பட்டதை வாங்கிக்கொள்வோம். கொடுத்ததும் வாங்கியதும் கழிந்து மிஞ்சும் வித்தியாசம் மட்டும் ரிசர்வ் வங்கிக் கணக்கில் ஏறும். கிளைக்குத் திரும்பி வந்து கூட்டினால் சில நாள் டேலி ஆகாது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள், 540-ஐ 450 என்று. வித்தியாசத்தின் சரிபாதித் தொகைக்கு ஒரு செக் இருந்தால் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சூத்திரங்களெல்லாம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, பக்கத்து நாற்காலி அண்ணன்மார் சொல்லிக்கொடுத்தவை. ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காகக் கடைசி பஸ்ஸை விட்டவர்களை எனக்குத் தெரியும். கைக்காசைப் போட்டு முடித்துவிடலாமே என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஐந்து ரூபாய் இடிக்கிறது என்றால், ஐயாயிரம் கூடுதலும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து குறைவும் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

செக்கின் மூலையில் இரண்டு கோடு போடும் கிராஸிங் பழக்கமும் எங்களைப் போன்ற கிளியரிங் குமாஸ்தாக்கள் கொடுத்ததுதான். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வங்கிக் குமாஸ்தாக்கள் வங்கி வங்கியாக நடந்து அலுத்துப்போய், லொம்பார்டு தெருப் பக்கம் ஒரு விடுதியில் கூடிச் செக்குகளை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எந்தச் செக் எந்த வங்கி வழியாக வந்தது என்று தெரிய, தங்கள் வங்கியின் பெயரைச் செக்கின் குறுக்கே எழுதினார்கள். வேலைச் சௌகரியத்துக்காகக் குமாஸ்தாக்கள் தொடங்கிய பழக்கம் பின்னால் சட்டமாகி, இன்று கோடு போட்ட செக்குக்குக் கவுண்டரில் ரொக்கம் கிடையாது என்ற பாதுகாப்பாக நிற்கிறது.

வந்த செக்கைப் பாஸ் செய்வது தனிக் கலை. தேதி முதலில். 2012 ஏப்ரல் 1 வரை ஆறு மாதம் செல்லும், அதற்குப் பிறகு மூன்று மாதம்தான். எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் ஒரு தொகையும் இருந்தால் எழுத்தில் உள்ளதுதான் தொகை என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. அடித்தல் திருத்தல், கிராஸிங், பின்பக்கக் கையொப்பம், இருப்பு. கடைசியில் கையெழுத்து. அதற்குத்தான் அதிக நேரம்.

எனக்கு இதைக் கற்றுத்தந்த தலைமைக் குமாஸ்தா ஓர் அய்யா. முதல் வாரம் நான் மாதிரிக் கையெழுத்து அட்டையை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர், “தம்பி, கையெழுத்தைப் படிக்காதே. பாரு” என்றார். செக்கையும் அட்டையையும் வாங்கி இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். சட்டென்று பெயர் மறைந்து கோடுகள் மட்டும் தெரிந்தன. எங்கே பேனா அழுந்தியிருக்கிறது, எங்கே இழுத்து விட்டிருக்கிறது, எந்த வளைவில் வேகம் கூடுகிறது. நேராகப் பார்த்தால் கண் பெயரைப் படித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடும். தலைகீழாக வைத்தால் ஏமாறாது. போலிக் கையெழுத்து வடிவத்தில் அசலை விட அழகாகவே இருக்கும். ஆனால் தொடக்கமும் முடிவும் மழுங்கியிருக்கும், நடுவில் பேனாவைத் தூக்கி யோசித்த இடம் தெரியும், கோடு ஒரே பருமனில் ஊர்ந்திருக்கும். தன் பெயரை எழுதுபவன் அடுத்து என்ன வரும் என்று யோசிப்பதில்லை.

பிறகு குடியாத்தம் பக்கம் கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஓர் ஊரில் வேலை பார்த்தேன். கணக்கு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். கட்டம் போட்ட லுங்கி நெய்தவர்கள் அதே பெயருள்ள தாளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் வாயில் செக் என்றால் பேங்க் தாள் மட்டும்தான், துணியில் இருப்பது கட்டம். அவர்களில் மாஸ்டர் வீவராக இருந்த பெரியவர் ஒருவரின் செக் ஒரு நாள் கிளியரிங்கில் வந்தது. நூல் கடைக்கு எழுதிய நல்ல தொகை. கையெழுத்து மாதிரியோடு ஒட்டவே இல்லை, கோடு முழுக்க நடுக்கம். ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று மெமோ வைத்துத் திருப்பிவிடலாம், ஒருவரும் குறை சொல்ல முடியாது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். நடுக்கம் இருந்தது, தயக்கம் இல்லை. பேனா எங்கும் நிற்கவில்லை. கடைசிச் சுழிப்பு மாதிரியில் இருந்த அதே வேகத்தில் பறந்திருந்தது. பியூனை அனுப்பி அவரை வரச்சொன்னேன்.

வந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். “ரெண்டு மாசமா கை சொன்னபடி கேக்கலீங்க சார். தறியில உக்கார்றதையும் விட்டுட்டேன். செக்கு நான் போட்டதுதாங்க.”

“தெரியுதுங்க ஐயா. அதான் திருப்பாம வெச்சிருக்கேன். புதுசா ஒரு மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா இனிமே தொந்தரவு இருக்காது.”

“திருப்பிட்டீங்களோன்னு பயந்துட்டேங்க. நூல் கடைக்காரங்ககிட்ட நாப்பது வருஷமா ஒரு செக்கு திரும்பினதில்லை.”

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. 1989 ஏப்ரல் 1 முதல் அதே சட்டத்தின் 138-ஆவது பிரிவு அமலுக்கு வந்த பிறகு, பணம் இல்லாமல் செக் திரும்புவது குற்றவழக்காகிவிட்டது. கையெழுத்து வித்தியாசத்துக்காகத் திரும்பினால்கூட, நேர்மையானவரின் பேர் ஊரில் கெட்டுவிடும். நாங்கள் வைக்கும் சின்னத் துண்டு மெமோ ஒரு மனிதரைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தலாம். நிறுத்தக் கூடாததை நிறுத்துவதும், நிறுத்த வேண்டியதை விடுவதும் எங்கள் மேஜையில் ஒரே அளவு கெடுதல்.

80-களின் பிற்பாதியில் எம்.ஐ.சி.ஆர் வந்தது. செக்கின் அடியில் காந்த மையில் அச்சிட்ட எண்கள்: ஆறிலக்கச் செக் எண், பிறகு ஊர், வங்கி, கிளை என்று மும்மூன்றாக ஒன்பது இலக்கம். சென்னைக்கு 600. பிரிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. சென்னையில் 2011 செப்டம்பர் 24 அன்று, செக்கின் படத்தை அனுப்பும் சி.டி.எஸ் முறை தொடங்கியதும் தாளே பயணம் போவதை நிறுத்திவிட்டது. கொடுத்த கிளையிலேயே செக் தங்கிவிடும், படம் மட்டும்தான் பணம் கொடுக்கும் வங்கிக்குப் போகும். பெரிய சௌகரியம், மறுக்க மாட்டேன். வெளியூர்ச் செக்குக்கு வாரக்கணக்கில் காத்திருந்த வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் பேனா அழுந்திய தடத்தை விரலால் தடவிப் பார்க்க முடியாது. புற ஊதா விளக்கில் தெரிய வேண்டிய முத்திரையும் படத்தில் வராது. அதைப் பார்க்கும் பொறுப்பு இப்போது செக்கை வாங்கும் வங்கிக்கு. அங்கே கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் தாள் இருக்கிறது, மாதிரிக் கையெழுத்து இல்லை. இங்கே திரைமுன் இருப்பவரிடம் கையெழுத்து இருக்கிறது, தாள் இல்லை.

2025 அக்டோபர் 4 முதல் இன்னும் ஒரு படி. பகலில் குறித்த நேரம்வரை வரும் படங்கள் உடனுக்குடன் போய்க்கொண்டே இருக்கும். பணம் கொடுக்கும் வங்கி அன்று மாலை ஏழு மணிக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வேகம் வேண்டியதுதான். ஆனால் பார்ப்பதற்கு ஆளும் நேரமும் கொடுக்காமல் வேகத்தை மட்டும் கூட்டினால் பாதிக்கப்படப்போவது கவுண்டர்ஃபாயிலையே எழுதாத சாதாரண வாடிக்கையாளர். ஒவ்வொரு கிளையிலும் இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரையாவது வங்கிகள் விட்டுவைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

வாடிக்கையாளர் கையிலும் ஒரு வழி இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பாசிட்டிவ் பே. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக் எழுதினால், அதன் எண், தேதி, யார் பெயருக்கு, எவ்வளவு என்பதைச் செயலியிலோ கிளையிலோ முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவித்துவிடலாம். செக் வந்ததும் நீங்கள் சொன்னதையும் அதில் இருப்பதையும் கணினி ஒட்டிப் பார்க்கும். ஒட்டாவிட்டால் நிற்கும். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் உள்ள செக்குக்கு இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. காட்டுக்கொட்டைக் குச்சியைப் பிளந்தவர்களின் ஏற்பாடு இதேதான்: ஒரு பாதி வெளியே போகிறது, மறுபாதி வீட்டில் காத்திருக்கிறது. என் தெருவில் இருப்பவர்களுக்கு, மகளின் கல்யாண மண்டபத்துக்குச் செக் எழுதும்போதும் மனைக்கு முன்பணம் கொடுக்கும்போதும், நானே பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பதிவு செய்துகொடுக்கிறேன். கவுண்டர்ஃபாயிலையும் எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.